ஒரு வினைச்சொல்லுக்காக விடிய விடிய: காலநிலைப் பேரத்தில் நாடுகள் எங்கே முட்டிக்கொள்கின்றன

2011 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமையே முடிந்திருக்க வேண்டிய ஐ.நா. காலநிலை மாநாடு இழுத்துக்கொண்டே போனது. பிரதிநிதிகள் பலர் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். இருந்தவர்களுக்கு இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. மண்டபத்தின் நடுவில் மட்டும் ஒரு கூட்டம் கூடியிருந்தது. கல்யாண வீட்டில் கடைசி நேரத்தில் சீர் விஷயமாகத் தகராறு வந்தால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஓர் ஓரமாக ஒதுங்கிப் பேசுவார்களே, அந்த மாதிரி. நடுவில் நின்றவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன், அப்போது இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர். இன்னொருவர் டென்மார்க்கைச் சேர்ந்த கோனி ஹெடகார்ட், ஐரோப்பிய ஒன்றியத்தின் காலநிலை ஆணையர்.

சண்டை எதைப் பற்றி? அடுத்து எழுதப்போகும் ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றி. வரைவில் மூன்று வழிகள் சொல்லப்பட்டிருந்தன: ஒரு நெறிமுறை, அல்லது வேறொரு சட்ட ஆவணம், அல்லது ‘சட்டரீதியான விளைவு’. இந்த மூன்றாவது வேண்டும் என்றது இந்தியா. அது ஓட்டை, அதன் வழியாக எல்லோரும் நழுவிவிடுவார்கள் என்றது ஐரோப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு காகிதத்தில் 120 கோடி மக்களின் பிழைப்பை எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார் ஜெயந்தி நடராஜன். தலைமை வகித்த தென்னாப்பிரிக்க அமைச்சர், நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படிக் கூடிய கூட்டம்தான் அது. பிரேசிலின் பேச்சாளர் ஃபிகெய்ரேடோ ஒரு சொற்றொடரை எடுத்துப் போட்டார்: ‘சட்ட வலிமை கொண்ட, ஒப்புக்கொள்ளப்பட்ட விளைவு’. இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். நான்கு வருடம் கழித்து வந்த பாரிஸ் ஒப்பந்தத்தின் விதை இந்தச் சொற்றொடர்தான்.

பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, இவர்கள் இலக்கணத்துக்குச் சண்டை போடுகிறார்களே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறு. ஒரு நாடு எந்தச் சொல்லுக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அந்த நாட்டின் அடுப்பு எதில் எரிகிறது, கஜானா எதில் நிரம்புகிறது, நாடாளுமன்றத்தில் யார் கையில் ஓட்டு இருக்கிறது என்று எல்லாம் அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்த மாநாடுகளில் ஓட்டெடுப்பு கிடையாது. 1992இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை எழுதப்பட்டது. 1995இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, நடைமுறை விதிகளில் வாக்கெடுப்பு பற்றிய 42ஆம் விதியை மட்டும் ஏற்க முடியாது என்று எண்ணெய் நாடுகள் முட்டுக்கட்டை போட்டன. அந்த விதி இன்று வரை நிறைவேறவில்லை. அதனால் எல்லா முடிவும் ஒருமித்த கருத்தாக வர வேண்டும். 198 தரப்புகள், யாராவது ஒருவர் பலமாக மறுத்தால் வண்டி நின்றுவிடும். ஒப்புக்கொள்ளாத வரிகள் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். பாரிஸ் மாநாட்டுக்குப் பத்து மாதம் முன்பு ஜெனீவாவில் வந்த வரைவு 86 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் அடைப்புக்குறிகள். ஒவ்வொரு குறியும் ஏதோ ஒரு நாடு போட்ட வேலி.

‘ஒருமித்த கருத்து’ என்றால் என்ன என்பதே கொஞ்சம் ரப்பர் மாதிரிதான். 2010இல் கான்குன் மாநாட்டில் பொலிவியா மட்டும் தனியாக எழுந்து நின்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது. ஒருமித்த கருத்து என்றால் ஒரே ஒரு நாட்டுக்கு எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் என்று அர்த்தமில்லை என்று சொல்லி, மெக்சிகோ அமைச்சர் எஸ்பினோசா தீர்மானம் நிறைவேறியது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். பொலிவியாவைத் தாண்டிப் போனார்கள், சரி. 2012இல் தோஹாவில் ரஷ்யாவின் ஆட்சேபத்தைக் கண்டுகொள்ளாமல் இதே மாதிரி தட்டினார்கள். அடுத்த ஜூன் மாதம் பான் நகரில் நடந்த கூட்டத்தில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றும் சேர்ந்து ஒரு குழுவின் நிகழ்ச்சி நிரலையே ஏற்க விடாமல் வேலையை முடக்கின. யார் தலைக்கு மேல் சுத்தியல் தட்டலாம், யார் தலைக்கு மேல் தட்டக் கூடாது என்ற கணக்கும் இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

இந்தச் சண்டைக்கெல்லாம் அடித்தளம் 1992இல் போட்ட ஒரு பட்டியல். ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்றது உடன்படிக்கை. வேறுபாட்டைக் காட்ட நாடுகளை இரண்டாகப் பிரித்தார்கள். பணக்கார நாடுகளும் பழைய சோவியத் பக்கத்து நாடுகளும் முதல் இணைப்பில். அவற்றில் பணம் கொடுக்க வேண்டியவை இரண்டாம் இணைப்பில். மற்ற எல்லோரும் வெளியே. ‘வளர்ந்த’, ‘வளரும்’ என்ற கோடு அன்று விழுந்தது. உலகம் நகர்ந்துவிட்டது, கோடு அங்கேயே நிற்கிறது. அன்றைய கணக்கில் வெளியே இருந்த தென் கொரியாவும் சிங்கப்பூரும் கத்தாரும் சவுதியும் இன்றும் வெளியேதான்.

கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்பது துருக்கிக்குச் சீக்கிரமே புரிந்தது. பணக்கார நாடுகளின் அமைப்பில் உறுப்பினர் என்பதால் அதன் பெயர் இரண்டு பட்டியலிலும் ஏறியிருந்தது. எங்கள் பெயரை நீக்குங்கள் என்று பல வருடம் மன்றாடி, 2001இல் பணம் கொடுப்போர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துக்கொண்டது. அதோடு விடவில்லை, பாரிஸ் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் ஏற்க 2021 வரை இழுத்தது. துருக்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

கோடு சரியா தப்பா என்பது எந்த எண்ணைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்று ஒரு வருடத்தில் எரிபொருளால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவது சீனா. அமெரிக்கா அந்த எண்ணைத்தான் எடுக்கும். தொழிற்புரட்சி முதல் இன்று வரை மொத்தமாகக் கூட்டினால் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. சீனாவுடையது 15 சதவீத அளவில். இந்தியாவுடையது 4 சதவீதத்தைத் தொடவில்லை. சீனா அந்த எண்ணை எடுக்கும். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்கர் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 14 டன், இந்தியருக்கு 2 டன். அது இந்தியா எடுக்கும் எண். சீனா தலைக்கணக்கை இப்போதெல்லாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியையே தாண்டிவிட்டது. எல்லா எண்ணும் உண்மை. எந்த உண்மையைச் சொல்வது என்பதில்தான் நலன் இருக்கிறது.

இனி நிலக்கரிக்கு வருவோம். இந்தியாவுக்கு உலக அளவில் அதிகத் திட்டு வாங்கிக் கொடுத்த சொல் 2021 நவம்பர் 13 அன்று கிளாஸ்கோவில் வந்தது. வரைவில் நிலக்கரியை ‘ஃபேஸ் அவுட்’ செய்வது, அதாவது படிப்படியாக ஒழிப்பது என்று இருந்தது. கடைசி நிமிடத்தில் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து அதை ‘ஃபேஸ் டவுன்’, படிப்படியாகக் குறைப்பது என்று மாற்றி வாசித்தார். தீவு நாடுகளும் சுவிட்சர்லாந்தும் கொதித்தன. தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டு மேடையிலேயே கண் கலங்கினார். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் இந்தியாதான் வில்லன்.

ஆனால் அந்தச் சொல் இந்தியாவின் சொல்லே இல்லை. மூன்று நாள் முன்பு அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையில், சீனா தன் நிலக்கரிப் பயன்பாட்டைப் பற்றிச் சொன்ன இடத்தில் இதே ‘ஃபேஸ் டவுன்’ இருந்தது. இரண்டு பெரிய வீடுகளும் பேசி வைத்துக்கொண்ட சொல்லை மூன்றாவது வீட்டுக்காரர் எழுந்து உரக்க வாசித்துப் பழியையும் வாங்கிக்கொண்டார். ராஜதந்திரத்தில் இதுவும் ஒரு வகை அசட்டுத்தனம் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காக இந்தியாவுக்கு அந்தச் சொல்லில் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: அடிவானத்தில் மலை மாதிரி குவிந்திருக்கும் மேல்மண், அதற்கப்பால் குளிர்விப்புக் கோபுரங்களின் வெள்ளை நீராவி. அது பழுப்பு நிலக்கரி, அளவில் சின்னது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாவில் இதைப் போலப் பல மடங்கு. இந்தியாவின் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவு நிலக்கரியிலிருந்து வருகிறது. அது பாதிக் கதைதான். ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. சரக்கில் வரும் லாபத்தை வைத்துத்தான் பயணிகள் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு நாம் முன்பதிவில்லாத பெட்டியில் மலிவாகப் போய் வருவதற்கு எங்கோ தன்பாத்தில் வெட்டிய கரியும் ஒரு காரணம். கிளாஸ்கோ சமயத்தில் டன்னுக்கு 400 ரூபாய் தீர்வை வேறு மத்திய அரசு வசூலித்தது. சுரங்க மாநிலங்களுக்கு ராயல்டி தனி. கோல் இந்தியா நிறுவனத்தில் மட்டும் 2 லட்சம் பேருக்கு மேல் சம்பளம் வாங்குகிறார்கள். ‘ஒழிப்பது’ என்று கையெழுத்துப் போட்டால் இத்தனை நூலும் ஒரே நேரத்தில் இழுபடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு, அதை இந்தியா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏன் நிலக்கரி மட்டும்? அமெரிக்காவில் பாறை இடுக்கு எரிவாயு மலிவாகக் கிடைத்த பிறகு நிலக்கரி உலைகள் தாமாகவே மூடத் தொடங்கின. அவர்களுக்கு நிலக்கரியைத் திட்டுவதில் செலவே இல்லை. எண்ணெயையும் எரிவாயுவையும் குறைப்பது பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. அடுத்த வருடம் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில், எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் படிப்படியாகக் குறைப்பது என்று போடுவோமா என்று இந்தியாவே கேட்டது. பல நாடுகள் ஆதரித்தன. முடிவு ஆவணத்தில் அது வரவில்லை.

ஏன் வராது என்பதற்கு சவுதி அரேபியாவைப் பார்க்க வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தையில் எல்லோரையும் விட வீட்டுப்பாடம் செய்து வருவது அந்த நாடுதான் என்று நினைக்கிறேன். 1992 உடன்படிக்கையிலேயே, எரிபொருள் விற்று வாழும் நாடுகளுக்கு இந்த நடவடிக்கைகளால் வரும் பாதிப்பையும் கவனிக்க வேண்டும் என்று ஒரு உட்பிரிவு நுழைந்துவிட்டது. பேச்சுவார்த்தை மொழியில் அதற்கு ‘எதிர்வினை நடவடிக்கைகளின் தாக்கம்’ என்று பெயர். கடல் உயர்ந்தால் துவாலு மாதிரித் தீவு நாட்டுக்கு நஷ்டம். நீங்கள் எண்ணெய் வாங்காவிட்டால் எங்களுக்கு நஷ்டம். இரண்டையும் சேர்த்தே பேசுவோம் என்பது வாதம். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் முப்பது வருடமாக அது நிகழ்ச்சி நிரலில் உட்கார்ந்திருக்கிறது.

2018இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் ஒரு கூத்து நடந்தது. 1.5 டிகிரி சூடேறினால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் குழு ஓர் அறிக்கை கொடுத்திருந்தது; அதைக் கேட்டதே இந்த மாநாடுதான். அறிக்கையை ‘வரவேற்கிறோம்’ என்று எழுதலாம் என்றன பெரும்பாலான நாடுகள். அமெரிக்கா, சவுதி, ரஷ்யா, குவைத் நான்கும் முடியாது என்றன. ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று வேண்டுமானால் போடலாம். கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? அறிக்கை ‘உரிய நேரத்தில் முடிக்கப்பட்டதை’ வரவேற்றார்கள். உள்ளே இருப்பதை இல்லை, சொன்ன தேதிக்குள் முடித்ததை.

2023இல் மாநாடு துபாய்க்குப் போனபோது தலைமை வகித்தவர் அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் சுல்தான் அல் ஜாபர். நடுவில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் பொதுச்செயலர் தன் உறுப்பு நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: எரிபொருளைக் குறிவைக்கும் எந்த வாசகத்தையும் ஏற்காதீர்கள். முடிவில் வந்த சொல் ஒழிப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை; புதைபடிவ எரிபொருளிலிருந்து ‘விலகி மாறிச் செல்லுதல்’, அதுவும் ‘எரிசக்தி அமைப்புகளில்’. அந்த இரண்டு சொல் இருப்பதால் பிளாஸ்டிக்குக்குப் போகும் எண்ணெய் கணக்கில் வராது என்று வாதாட இடம் கிடைத்தது. சுத்தியல் தட்டியபோது சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அறைக்குள்ளேயே இல்லை. தங்களுக்குள் பேசி முடித்து அவர்கள் உள்ளே வந்தபோது மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சமோவாவின் ஆன் ராஸ்முசென் அதை மைக்கில் சொன்னார். அவருக்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தீர்மானம் மாறவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. அங்கே பேச்சாளர் ஐ.நா. மண்டபத்தில் பேசினாலும் காது முழுக்க வாஷிங்டன் செனட்டில் இருக்கும். 1997இல் கியோட்டோ ஒப்பந்தத்துக்குச் சில மாதம் முன்பே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக் கூடாது என்று செனட் 95க்கு 0 என்ற ஓட்டில் சொல்லிவிட்டது. கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், செனட்டுக்கு அனுப்பவே இல்லை. 2001இல் புஷ் வெளியே வந்தார்.

இந்தப் பின்னணியில் 2015 டிசம்பர் 12ஐப் பாருங்கள். பாரிஸில் இறுதி உரை வெளியாகிவிட்டது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க வழக்கறிஞர்கள் 4ஆம் பிரிவின் 4ஆம் பத்தியில் ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடித்தார்கள். வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுவதற்குமான குறைப்பு இலக்குகளை ஏற்பதில் ‘ஷல்’ என்று இருந்தது. ‘ஷல்’ என்றால் சட்டக் கடமை, செய்தே தீர வேண்டும். ‘ஷுட்’ என்றால் செய்வது நல்லது. தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடிவிடும். ஆங்கில ஒப்பந்த மொழியில் இரண்டுக்கும் இடையே அமெரிக்க செனட் நிற்கிறது. புதிய சட்டக் கடமை என்றால் செனட்டில் 67 ஓட்டு வேண்டும், அது கனவிலும் கிடைக்காது. இதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பிரான்ஸ் அமைச்சர் ஃபாபியுஸிடம் சொன்னார். ஒன்றிரண்டு மணி நேரம் ஓரமாகப் பேச்சு நடந்தது. பிறகு செயலக அதிகாரி ஒருவர் மைக்கில் சில ‘தொழில்நுட்பத் திருத்தங்களை’ வாசித்தார். காற்புள்ளி, எழுத்துப்பிழை வரிசையில் ‘ஷல்’ என்பது ‘ஷுட்’ ஆனதும் வந்துபோனது. ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். நிகரகுவா மட்டும் முணுமுணுத்தது.

அவ்வளவு வளைந்து கொடுத்தும் என்ன ஆனது? டிரம்ப் 2017இல் வெளியேறுவதாக அறிவித்தார், 2020 நவம்பரில் வெளியேறியது, 2021 பிப்ரவரியில் பைடன் திரும்பச் சேர்த்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் விலகல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மற்ற நாடுகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்காவுக்காக ஒரு சொல்லைத் தளர்த்தினால், தளர்ந்த சொல் நிற்கும், அமெரிக்கா நிற்காது.

தீவு நாடுகளைப் பற்றி எழுதும்போது பரிதாபமாக எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அவர்கள் கெட்டிக்காரர்கள். 2009இல் மாலத்தீவு அதிபர் நஷீத் அமைச்சர்களை நீர்மூழ்கி உடையில் கடலுக்கடியில் உட்கார வைத்து அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். 2021இல் துவாலுவின் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் அளவு கடல்நீரில் மேசை போட்டு நின்று மாநாட்டு உரையைப் பதிவு செய்து அனுப்பினார். படை இல்லை, பணம் இல்லை, சந்தை இல்லை, படம் உண்டு. அது மட்டுமில்லை, சட்ட அறிவும் உண்டு. 1991லேயே, உடன்படிக்கை எழுதும்போதே, கடல்மட்டம் உயர்வதால் வரும் சேதத்துக்குப் பணக்கார நாடுகள் பிரீமியம் கட்டும் ஒரு காப்பீட்டு நிதி வேண்டும் என்று தீவுகளின் சார்பில் வனுவாட்டு எழுதிக் கொடுத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

காரணம் லேசானது. ‘இழப்பும் சேதமும்’ என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி ‘நஷ்ட ஈடு’. முதல் சொல்லைத் தொடவே பணக்கார நாடுகள் பயந்தது இரண்டாவது சொல்லுக்காக. பாரிஸில் இதற்கென்று 8ஆம் பிரிவைக் கொடுத்தார்கள். கூடவே மாநாட்டுத் தீர்மானத்தின் 51ஆம் பத்தியில், இந்தப் பிரிவை வைத்துப் பொறுப்போ நஷ்ட ஈடோ கோர முடியாது என்று பூட்டும் போட்டார்கள். நிதியம் என்று ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது 2022 நவம்பரில்தான். அந்த ஆண்டு பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடி பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலருக்கு மேல். வளரும் நாடுகள் அணிக்கு அப்போது தலைமை வகித்ததும் பாகிஸ்தான். அடுத்த வருடம் துபாயில் நிதியத்துக்கு அமெரிக்கா அறிவித்த தொகை 1.75 கோடி டாலர். தமிழில் ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்பார்கள். இது பொரியிலும் பாதி.

தீவுகள் சும்மா இருக்கவில்லை. மண்டபத்தில் கிடைக்காததை நீதிமன்றத்தில் தேடின. பசிபிக் மாணவர்கள் சிலர் தொடங்கிய யோசனையை வனுவாட்டு ஐ.நா. பொதுச்சபைக்கு எடுத்துச் சென்றது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. 51ஆம் பத்தி போட்ட பூட்டு இப்போது எவ்வளவு உறுதி என்பதை வழக்கறிஞர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். சிறு தீவு நாடுகள் கூட்டணியில் சிங்கப்பூரும் உறுப்பினர். கடல் உயர்ந்தால் அதற்கும் ஆபத்துதான், தாழ்வான தீவு. ஆனால் ஆசியாவின் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு மையங்களில் ஒன்றும், உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகமும் அதுவே. அதே போல ‘ஜி 77’ என்ற வளரும் நாடுகள் அணியில் வனுவாட்டுவும் உண்டு, சவுதியும் உண்டு. ஒரே குடும்ப அட்டையில் பேர் இருக்கிறது, சமையல் தனித்தனி. பணம் கேட்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

சரி, பணம். 2009இல் கோபன்ஹேகனில் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று சொன்னார்கள். எதைப் பணம் என்று எண்ணுவது என்று மட்டும் சொல்லவில்லை. வேடிக்கை அங்கே தொடங்கியது. 2014இல் 6,200 கோடி வந்துவிட்டது என்றது பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. இந்திய நிதி அமைச்சகம் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, 2013-14இல் உண்மையில் பட்டுவாடா ஆனதாக நம்பக்கூடியது 220 கோடிதான் என்று 2015இல் ஒரு தாள் வெளியிட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கடனும் பணமா? வட்டியோடு திருப்பிக் கொடுப்பதும் உதவியா? தனியார் முதலீடு? ஏற்கெனவே கொடுத்துவந்த வளர்ச்சி உதவிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டினால்? ஜப்பான் ஒரு கட்டத்தில் இந்தோனேசியாவில் நிலக்கரி மின்நிலையம் கட்டக் கொடுத்த கடனையே காலநிலை நிதிக் கணக்கில் காட்டியது. பழைய உலையை விட இது குறைவாகப் புகைவிடும் என்பது விளக்கம்.

ஓ.இ.சி.டி. கணக்குப்படியே அந்த 10,000 கோடி முதல்முறை தாண்டப்பட்டது 2022இல், இரண்டு வருடம் தாமதமாக. அதில் அரசுகள் தந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். 2024இல் அஜர்பைஜானின் பாகுவில் அடுத்த இலக்கு பேசினார்கள். வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். கிடைத்தது 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி, அதுவும் ‘முன்னின்று திரட்டுவோம்’ என்ற வாசகத்தோடு. ஞாயிறு அதிகாலை சுத்தியல் தட்டிய பிறகுதான் இந்தியாவுக்குப் பேச இடம் கிடைத்தது. நிதி அமைச்சக அதிகாரி சாந்தினி ரெய்னா அந்த ஆவணத்தை ‘கண்கட்டு மாயை’ என்ற பொருளில் சாடினார். பதிவில் ஏறியது, அவ்வளவுதான்.

மண்டபத்துக்குள் முடியாததை ஐரோப்பா சந்தை வழியாகச் செய்யத் தொடங்கியிருக்கிறது. இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு, அவற்றைத் தயாரிக்க எவ்வளவு கார்பன் வெளியானது என்று பார்த்து எல்லையில் வசூலிக்கும் ஏற்பாடு 2026 ஜனவரியில் முழு அமலுக்கு வந்தது. எங்கள் தொழிற்சாலை கார்பனுக்கு விலை கொடுக்கும்போது வெளியூர்ச் சரக்கு மட்டும் சும்மா வரலாமா என்கிறது ஐரோப்பா. பின்வாசல் வழியாகச் சுங்கம் என்கின்றன இந்தியாவும் சீனாவும். இந்திய எஃகில் பெரும்பகுதி நிலக்கரியில் உருகுவது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில், வர்த்தகத் தடைகளைப் பற்றித் தனியாகப் பேசுவது என்ற வாக்கியம் முதல்முறையாகத் தீர்மானத்துக்குள் வந்தது. அதே தீர்மானத்தில், எரிபொருளிலிருந்து விலகுவதற்கு வழித்தடம் வேண்டும் என்று கொலம்பியா உட்படப் பல நாடுகள் கேட்ட வரி வரவில்லை.

பெலெமில் இன்னொரு பேரமும் நடந்தது, அதிகம் பேர் கவனிக்காதது. அடுத்த மாநாட்டை யார் நடத்துவது? பசிபிக் தீவுகளோடு சேர்ந்து நடத்துகிறோம் என்று ஆஸ்திரேலியா பல வருடமாகக் கேட்டுவந்தது. உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதியாளர்களில் ஒன்று. 1997இல் கியோட்டோவில் பெரும்பாலான பணக்கார நாடுகள் குறைக்க ஒப்புக்கொண்டபோது 1990ஐ விட 8 சதவீதம் கூட்டிக்கொள்ள அனுமதி வாங்கிய நாடு. இப்போது துவாலுவோடு ஒப்பந்தம் போட்டு அங்கிருந்து ஆண்டுக்கு 280 பேரைக் குடியேற்றும் நாடும் அதுவே. எதிரே போட்டியிட்டது துருக்கி, பட்டியலிலிருந்து பெயரை அடிக்கச் சொன்ன அதே துருக்கி. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இதிலும் ஓட்டெடுப்பு கிடையாது. கடைசியில் பாகம் பிரித்தார்கள்: 2026 நவம்பரில் மாநாடு துருக்கியின் அந்தால்யாவில், பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஆஸ்திரேலியா, அதற்கு முந்தைய ஆயத்தக் கூட்டம் பசிபிக் தீவு ஒன்றில்.